கீழிருந்து நெம்பியவர்

கும்பகோணத்தில் நான் போய்க்கொண்டிருந்த பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு ஒரு நெல் வியாபாரி வருவார். தொந்தி, மடித்துக் கட்டிய வேட்டி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி சாம்பிள் நெல் இருக்கும். குனியும்போதெல்லாம் அது மேஜையில் உதிரும். அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜம்ப் ஷாட் என்றால் வெள்ளைப் பந்தைக் கோலால் மேலிருந்து அடித்து, குறுக்கே நிற்கும் பந்தைத் தாண்டவைக்க வேண்டும். இவரோ மூட்டையில் குத்தூசி செருகி நெல் எடுப்பதுபோல் கீழிருந்து நெம்புவார். பந்து எழும்பாது, பச்சைத் துணிதான் கிழியும்.

"கீழ நெம்பாதீங்க சார், மேலேர்ந்து அடிங்க" என்றேன் ஒருநாள்.

"முப்பது வருஷமா இப்படித்தான் குத்துறேன் தம்பி. நெல்லு வருது, பந்து வராதா?"

இந்த மூளைக்கு ஜம்ப் ஷாட் ஒரு கேடா என்று நினைத்தபடி கோலை அவரிடமிருந்து பிடுங்கினேன். கூடமே பார்க்க, மேலிருந்து ஓங்கி அடித்தேன். பந்து குறுக்கே நின்ற பந்தைத் தாண்டியது, மேஜையையும் தாண்டியது, நேராக அவர் கால் விரலில் போய் விழுந்தது.

வலியில் அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் குனிந்து பந்தை எடுத்து, வேட்டியில் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"நல்லா எகிறுச்சு தம்பி. இன்னொரு தடவ காட்டுங்க."

கிண்டல் செய்கிறாரா என்று அவர் முகத்தில் தேடினேன். இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.