நாலாவது நாற்காலி

லேக் மார்க்கெட் வீட்டில் அப்பாவின் செல்போனில் ஆன்லைன் பிரிட்ஜ் சீட்டாட்டத்தை இறக்கிக் கொடுத்தேன். சீட்டுக் கலைக்கும் சத்தம் சரசரவென்று வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்ன வயதில் ஞாயிறுதோறும் இதே கூடத்தில் இதே சத்தம். நாலு பேர் வேண்டிய ஆட்டம். ஒருநாள் பெஹாலாவிலிருந்து வரவேண்டிய ஆபீஸ் நண்பர் வரவில்லை. காபியோடு வந்த அம்மா, "நான் ஒரு கை உக்காரட்டுமா? பாத்துப் பாத்தே கத்துண்டுட்டேன்" என்றாள். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலி நாற்காலிக்கு முன்னால் பதின்மூன்று சீட்டுகளைப் போட்டார். காபியை உறிஞ்சிவிட்டு, "சர்க்கரை கம்மி" என்றார். சாகும்வரை அம்மா மறுபடி கேட்கவில்லை.

இப்போது அப்பா, "முன்பின் தெரியாதவாளோட ஆடப் பிடிக்கலைம்மா. உன் போன்லேர்ந்து நீ ஒரு கை உக்காரேன்" என்றார்.

"காலி நாற்காலிக்குப் போட்டு ஆடுங்கோ" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.