கீழ்வீட்டுக்கு மகள் வருகிறாள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லப் போவதில்லை. நான் சொன்ன ஒரு பொய்யால் வந்த வினை இது. அதனால் இதையாவது உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும். கையில் கடிகாரம் கட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு, ஆகவே நேரங்களும் சரியானவைதான்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுப்பார் என்று சேர்த்துச் சொல்ல ஏனோ மறந்துவிட்டார்கள். என்னுடையது ஒரு மாடிக் கட்டடம், மொத்தம் நான்கு வீடுகள். மாடியில் முன்பக்கம் நானும் என் மனைவியும். பின்பக்கம் ஒரு பிரம்மச்சாரி, மாதத்தில் பாதி நாள் வெளியூர். கீழே பின்பக்கம் தையல்காரம்மா. கீழே முன்பக்கம்தான் நான் சொல்லப்போகிற வீடு.

நான்கு வீடு என்றால் நான்கு மடங்கு தலைவலி. மோட்டார் எரியும். தொட்டி நிரம்பி வழியும். அடைப்பு எடுப்பவர் போனை எடுக்காத நாளாகப் பார்த்துச் சாக்கடை அடைத்துக்கொள்ளும். பெயிண்டர் வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்ததாகச் சரித்திரமே இல்லை. இருபது வருடத்தில் பாதி வேலைகளை நானே கற்றுக்கொண்டேன். எல்லாவற்றையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டது, ஆளைக் காலிசெய்ய வைப்பதை.

அதற்கு ஒரே வழி வைத்திருந்தேன். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவைப்பேன். "பொண்ணு வெளியூர்ல இருக்கா. எப்பவாவது வந்தா வீடு தேவைப்படும்." பிடிக்காதவர்களை அனுப்ப வேண்டிய நேரத்தில், "பொண்ணு வர்றா" என்பேன். யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது.

முதல் தடவை பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். மகள் கல்லூரியில் சேர வருகிறாள் என்றேன். இரண்டாம் தடவை, ஆறு வருடம் கழித்து. கல்யாணமாகி மாப்பிள்ளையோடு வருகிறாள் என்றேன். பொய்யிலும் வயதுக் கணக்கு உதைக்கக் கூடாது பாருங்கள், அதில் நான் கவனமாக இருந்தேன். முதல் தடவை சொன்ன அன்று என் மனைவி சாப்பிடவில்லை. "வேற எதையாவது சொல்லியிருக்கலாம்ல," என்றாள். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதாக டீச்சர். நல்ல மனுஷி, ஆனால் பட்டியல் போடுவதில் கெட்டிக்காரி. குளியலறைச் சுவரில் கசிவு, ஜன்னலில் கொக்கி இல்லை, குழாயில் சொட்டு என்று வாரம் ஒரு தாள் வரும். சுவரை உடைத்துக் கசிவைச் சரிசெய்வதைவிட டீச்சரை அனுப்புவது சுலபம் என்று பட்டது. "பொண்ணு பிரசவத்துக்கு வர்றா டீச்சர். அடுத்த வெள்ளிக்கிழமை தேதி குடுத்திருக்காங்க," என்றேன். தேதி வரைக்கும் சொன்னால்தானே நம்புவார்கள்.

டீச்சர் ஞாயிற்றுக்கிழமை காலிசெய்தார். அடுத்த குடும்பத்தைச் சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தேன்.

செவ்வாய் காலை 8.15. மோட்டார் போடக் கீழே இறங்கினேன். தையல்காரம்மா வாசலில் நின்றிருந்தார்.

"பொண்ணு வந்தாச்சா சார்?"

"ஏன் கேக்கறீங்க?"

"ராத்திரி பூரா நடந்துட்டே இருந்தாங்களே. கடைசி மாசம் அப்படித்தான். படுக்க முடியாது."

எலியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவரிடம் என்ன சொல்வது? இல்லாத பிள்ளையை இல்லை என்று சொன்னால் சாயம் வெளுத்துவிடும். தலையை ஆட்டிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

புதன் காலை பிளம்பர் வந்தார். சாவியைக் கொடுத்து, குளியலறைக் குழாயை மட்டும் மாற்றச் சொன்னேன். 11.30க்குத் திரும்பி வந்தார்.

"சமையலறைக் குழாயையும் மாத்திட்டேன் சார். பாப்பா சொன்னாங்க, அதுவும் சொட்டுதுன்னு."

"எந்தப் பாப்பா?"

"உங்க பொண்ணுதான். இந்தாங்க சாவி. தேவைப்படல, கதவு திறந்துதான் இருந்துச்சு."

என் மனைவி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. "எப்படி இருந்தாளாம்?" என்று மட்டும் கேட்டாள்.

நான் உடனே கீழே போய்ப் பார்த்தேன். பூட்டு தொங்கியது. உள்ளே யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது. பெயிண்டர் வழக்கம்போலக் கைவிட்டுவிட்டார். உள் அறையில் ஒரு சுவர் பாக்கி. மறுநாள் காலை புதியவர்கள் சாமானோடு வந்து நிற்பார்கள். மாலை 5.50க்குப் பெயிண்ட் வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"இன்னிக்குப் போகாதீங்க," என்றாள் மனைவி.

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை."

"அதுக்கென்ன?"

"தேதி."

நான் இறங்கிவிட்டேன்.

பூட்டைத் திறந்தேன். உள்ளே வீடு பெருக்கியிருந்தது. முந்தின நாள் சுவரைத் தேய்த்த சுண்ணாம்புத் தூள் தரையெல்லாம் கிடந்ததை நான்தான் அப்படியே விட்டுப்போனேன். இப்போது ஒரு பொட்டுத் தூள் இல்லை. டீச்சர் விட்டுப்போன இரும்புக் கட்டில் கூடத்தில் இருந்தது. அது உள் அறையில் கிடந்த கட்டில். இரண்டு ஆள் பிடித்தால்தான் நகரும்.

மனைவி வந்து பெருக்கியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டிலைப் பற்றி யோசிக்கவில்லை. யோசித்தால் வேலை நடக்காது.

6.05க்கு உள் அறையில் விளக்கைப் போட்டு, வாசல் பக்கத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தேன். ஜன்னலுக்கு வெளியே மெல்ல இருட்டியது. மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

6.32. குளியலறையில் குழாய் திறந்தது.

தண்ணீர் வாளியில் விழும் சத்தம். நிரம்பியது. நின்றது. யாரோ குழாயை மூடினால்தான் அப்படி நிற்கும்.

பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே போய்ப் பார்த்தேன். குளியலறையில் வாளி இல்லை. தரையில் ஈரமும் இல்லை.

6.37. திரும்பி அறைக்கு வந்தேன். அரைமணி நேரமாக அடித்த சுவரைப் பார்த்தேன்.

ஈரப் பெயிண்டில் ஒரு கை பதிந்திருந்தது.

விரல்கள் விரிந்து, உள்ளங்கை முழுவதும் அழுந்தி... வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் ஊன்றுவார்களே, அப்படி. என் கையைவிடச் சிறிய கை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பக்கத்தில் இன்னொன்று பதிந்தது.



6.41. மூச்சுச் சத்தம் கேட்டது.

நீளமாக ஒரு மூச்சு. நின்றது. மறுபடி ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. எனக்கு ஒரு முழம் தள்ளி...

பிறகு குரல்.

"அப்பா..."

அந்தச் சொல்லை யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை.

"அம்மாவைக் கூப்பிடுங்க..."

பிரஷ் கீழே விழுந்தது.

ஓடினேன். கட்டிலில் முட்டிக்கொண்டேன். கதவை இழுத்துச் சாத்தினேன். பூட்டினேன். சாவி இரண்டு தடவை தவறியது.

மாடிப்படி ஏறும்போது பின்னால் கேட்டது.

குழந்தையின் அழுகை.

என் மனைவி படியின் உச்சியில் நின்றிருந்தாள். தோளில் ஒரு துண்டு, கையில் வெந்நீர்ச் சொம்பு. அவள் முகத்தில் பயமே இல்லை.

"என்னைக் கூப்பிட்டாளா?"

"யாருமில்ல. உள்ள போ."

"எனக்குக் கேட்டுச்சு. வழியை விடுங்க."

விடவில்லை. அவள் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டேன். வெந்நீர் என் காலில் கொட்டியது. அதுகூட அப்போது உறைக்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். அவள் எதிரில் நின்று கெஞ்சினாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. அவள் அந்த வீட்டுக்குள் போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. ஏனென்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

கீழே அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் வேகமாக. பிறகு விட்டு விட்டு. 7.20க்கு நின்றது.

"பிள்ளை பெறுற வலியில கூப்பிட்டா போகணும்," என்றாள் மனைவி. "நீங்க மனுஷனே இல்ல."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

மறுநாள் காலை 7 மணிக்கு, நல்ல வெளிச்சம் வந்த பிறகு போய்ப் பார்த்தேன். சுவரில் கைத்தடம் ஒன்றுகூட இல்லை. கட்டில் உள் அறையில் பழைய இடத்தில் இருந்தது. 9.30க்குப் புதிய குடும்பம் சாமானோடு வந்து இறங்கியது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று இப்போது நீங்கள் சொல்வீர்கள். காரணம் கேட்டால் என்ன சொல்வேன்? பொண்ணு வந்திருக்கா என்றா? சாவியைக் கொடுத்துவிட்டேன். அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஒரு சத்தமும் இல்லையாம். தையல்காரம்மாவிடம், மகள் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆறு நாள் இப்படியே போனது. எல்லாம் முடிந்தது, மனைவி மனம் மாறினால் போதும் என்றிருந்தேன்.

நேற்று மாலை 6.10க்கு டீச்சர் போன் செய்தார். கட்டிலை எடுத்துக்கொள்ள ஆள் அனுப்பலாமா என்று கேட்கத்தான். பேச்சுவாக்கில் விசாரித்தார்.

"பொண்ணுக்குப் பிரசவம் ஆச்சா சார்? என்ன குழந்தை?"

நான் ஏதோ முனகினேன்.

"நல்ல பொண்ணு. நாங்க காலிபண்ண அன்னிக்குக் காலையில கேட் பக்கத்துல நின்னுட்டிருந்தா. அப்படியே உங்க வீட்டம்மா ஜாடை. பார்த்ததும் தெரிஞ்சுது."

"நீங்க... பேசினீங்களா?"

"பேசாம? மாசமா இருக்கற பொண்ணு, வெயில்ல நிக்கறா. உள்ள வாம்மான்னேன். நீங்க போனப்புறம் வர்றேன்னா. சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னா சார். அப்பா என்னை வரச் சொல்றது இது மூணாவது தடவை ஆன்ட்டி, ஒவ்வொரு தடவையும் வர்றேன், வந்து பார்த்தா வேற யாருக்காவது வீட்டை விட்டிருப்பார்னு."

டீச்சர் என்னைக் கடிந்துகொள்கிற குரலில் தொடர்ந்தார்.

"இந்தத் தடவையும் வேற ஆளுக்கு விட்டுட்டா குழந்தையைத் தூக்கிட்டு நேரா மாடிக்கே வந்துடுவேன்னா. விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பா. ஆனாலும் பெத்த பொண்ணை அப்படி அலைய விடலாமா சார்?"

போனை வைத்தேன். வீட்டுக்குள் விளக்குப் போடவில்லை. படுக்கை அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே என் மனைவி யாரிடமோ மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள். ஆறு நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள்.