அம்மை வளர்த்த காது

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. பயமாக இருந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது கட்டின கதை இல்லை. ராயபுரத்தில், பட்டப்பகலில், நானே பார்த்தது.

1951. அப்போது நாங்கள் வண்ணாரப்பேட்டையில் இருந்தோம். பக்கத்து வீட்டு ஜெயக்கொடி சாத்தான்குளத்துக்காரி. புருஷன் ராமசுப்புவுக்கு மிளகாய் மொத்த வியாபாரம். குழந்தையிலேயே அவள் அம்மா காது குத்தி, கனமான ஈயக் குணுக்கு மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்த காது. தோளைத் தொடும். அதில் தங்கப் பாம்படம். தலையை ஆட்டினால் ஒன்றோடொன்று இடிக்கும். டிக்... டிக்...

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் காதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். பெண்ணுக்கு அம்மா கல்யாணப் பந்தலில் இப்படியா நிற்பாள் என்று கேட்டார்களாம். அறுத்துத் தைத்துவிடலாம் என்றார் ராமசுப்பு.

"பட்டணத்துக்கு வந்தா பட்டணத்துக் காதோட இருக்கணும், ஏளா."

ஜெயக்கொடி சோறு தின்னாமல் கிடந்தாள். பிறகு மகள் முகத்தைப் பார்த்தாள். சரி என்றாள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ராயபுரத்தில் டாக்டர் வீட்டு முன் அறைதான் ஆஸ்பத்திரி. ராமசுப்புவோடு துணைக்கு நானும். ஊசி போடுமுன் என் கையைப் பிடித்தாள்.

"ஃப்ளோரா, வெட்டுனதக் குப்பையில போட விட்டுராத. அது எங்கம்மைக்கு உள்ளது."

"இன்னாக்கா நீ, நகமா அது, தூக்கிப் போட? நான் பாத்துக்கறேன். பேஜாராவாத."

முடிந்தது. இரண்டு காதிலும் கட்டு. வலிக்கிறதா என்று கேட்டேன். "மரத்துக் கெடக்கு" என்றாள். கண்ணில் தண்ணீர்கூட இல்லை. வெட்டிய துண்டுகள் ஜன்னலோரம் எனாமல் தட்டில், பஞ்சு மூடிக் கிடந்தன. டாக்டர் சாப்பிடப் போனார். ராமசுப்பு பாம்படத்தை உருக்கத் தட்டான் பட்டறைக்கு எடுத்துப் போனார். நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு ஹார்பர் சங்கு ஊதியது. ஓய்ந்தது.

டிக்... டிக்...

பாம்படம்தான் பட்டறைக்குப் போய்விட்டதே.

திரும்பினேன். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அறைக்குள் ஒரு கிழவி. தோள்வரை காது. மேலே மின்விசிறி சுற்றுகிறது. அவள் சேலை அசையவில்லை.

"யாரும்மா நீ? இன்னா வோணும்?"

காலைத் தூக்காமல் நகர்ந்தாள். தரையில் தேய்த்து... தேய்த்து...

கால் பெருவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தது. வெள்ளைத் துணி.

தட்டைத் தடவினாள். முந்தானையில் எதையோ முடிந்தாள்.

ஜெயக்கொடி கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"எடுத்துக்கோ, அம்மை."

டிக்...

யாரும் இல்லை.

தட்டில் பஞ்சு மட்டும். தரையில் சாத்தான்குளம் பக்கத்துச் சிவப்பு மணல். ராயபுரத்தில் ஏது அந்த மணல்? விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினேன். ஏன் கத்தவில்லை, தெரியாது. எனக்கும் மரத்துப்போயிருந்தது.

அந்த வாரமே ஊரிலிருந்து ஜெயக்கொடியின் அண்ணன் வந்தார். அம்மா போய்விட்டாள் என்றார். நாங்கள் ராயபுரம் போன அன்று, விடியற்காலையில். சாயங்காலம் குளிப்பாட்டும்போது முந்தானையில் ஒரு முடிச்சு இருந்ததாம். அவிழ்த்தால் இரண்டு துண்டுச் சதை. ரத்தம் காயவில்லையாம். யாருடையது என்று தெரியாமல், கூடவே வைத்து எரித்துவிட்டார்கள்.

சொல்லிக்கொண்டே வந்தவர், தங்கையின் காதுக்கட்டை அப்போதுதான் பார்த்தார்.

மகள் கல்யாணம் நடந்தது. பந்தலில் குட்டைக் காதோடு நின்றாள் ஜெயக்கொடி. அந்தக் காதில் மட்டும் அவளுக்குக் கடைசிவரை உணர்ச்சி வரவில்லை.

உங்கள் வீட்டில் எந்த முகமும் அடுத்தவர் சிரிப்புக்காகக் கத்தியைப் பார்க்காமல் இருக்கட்டும். பெற்றவளும் பிள்ளைகளும் நிறைந்து, நோகாமல் இருங்கள், கண்ணுங்களா.