ஜீரோ, ஒன்னு பின்னில் போன வசவு

சால்டரிங் பேஸ்ட் கருகும் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில் ஒரு சின்ன ரூம்... அதுதான் என் முதல் வேலை. சால்டரிங் அயர்ன் சூடு இறங்கிவிடும் என்று ஓனர் ஃபேனைப் போடவே விடமாட்டார்.

வயல் மோட்டாரை செல்போனிலேயே ஓட்டுகிற பெட்டி செய்தோம். மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். ஓடியதா இல்லையா என்று எஸ்எம்எஸ் வரும். உள்ளே ஒரு கன்ட்ரோலர் போர்டு, பக்கத்தில் சிம் போட்ட மோடம். அவ்வளவுதான்.

அந்த மோடத்தின் ஒயரை ஓனர் போர்டில் ஜீரோ, ஒன்னு என்று நம்பர் போட்ட ரெண்டு பின்னில் போட்டார். கம்ப்யூட்டர் கேபிளும் உள்ளே போய் அதே ரெண்டு பின்னில்தான் சேர்கிறது. புரோகிராம் ஏற்றும்போதெல்லாம் எர்ரர். கேபிளை மாற்றினார், டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினார், என்னைத் திட்டினார். மோடம் ஒயரைப் பிடுங்கினால் ஏறும், சொருகினால் ஏறாது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்...

"சார், ஒரே வாய்க்கால்ல ரெண்டு பேரு தண்ணி விடுற மாதிரி இருக்கு. மோடத்த வேற பின்னுக்கு மாத்திருவோம். நாம ஸ்க்ரீன்ல பாக்க எழுதுறதெல்லாம் மோடத்துக்கும் போவுது."

"வாங்குறதுக்கு ஆர்எக்ஸ், அனுப்புறதுக்கு டிஎக்ஸ்னு போர்டுலயே அச்சடிச்சிருக்கான். அவன விட நீ பெரிய ஆளா? ஒயரப் புடுங்கிட்டு ஏத்து."

செவிடன் காதில் ஊதிய சங்கு.

அவருக்கு இன்னொரு பழக்கம். புரோகிராம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க நாங்கள் நடுநடுவே "ஓகே" என்று ஒரு வரி போடுவோம். அவர் வசவு போடுவார். அது கம்ப்யூட்டர் ஸ்க்ரீனில் வரும்போது தானே சிரித்துக்கொள்வார். லோ வோல்டேஜ் வருகிற இடத்தில் "ஓடாதுடா முட்டாள்" என்று போட்டிருந்தார். அழிக்கச் சொன்னேன். பெட்டியில் ஸ்க்ரீனே கிடையாது, எவன் பார்க்கப் போகிறான் என்றார்.

முதல் பெட்டி திருப்பனந்தாள் பக்கம் வீரமணி அண்ணனுக்குப் போனது. அவருடைய அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். இவர்தான் சொந்தமாக மூன்று மா நிலம் வாங்கி, போர்வெல் போட்டு, முதல் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்.

ஒரு காலையில் மாடிப்படி ஏறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை நீட்டினார்.

லோ வோல்டேஜ். ஓடாதுடா முட்டாள்.

எஸ்எம்எஸ் போய்க்கொண்டிருக்கும்போதே அந்த வசவும் அதே பின் வழியாக மோடத்துக்குள் போயிருக்கிறது. நான் சொன்னது சொன்னபடி நடந்திருக்கிறது.

"எம் பொண்ணுதான் இதப் படிச்சுச் சொல்லிச்சு. எனக்கா அனுப்புனீங்க?" குரல் உயரவே இல்லை.

ஓனர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நெட்வொர்க் கோளாறுப்பா. வேற எவனுக்கோ போறது ஒனக்கு வந்துட்டு."

வயதில் மூத்தவரை 'ஒனக்கு' என்றது வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நெட்வொர்க் இல்லண்ணே. ஒங்கள நெனச்சு எழுதல... ஆனா இங்க எழுதுனதுதான்."

வீரமணி அண்ணன் ஓனரைப் பார்த்தார். "அப்ப ஒரு வார்த்த சொல்லுங்க. நான் போயிடுறேன்."

ஓனர் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு இறங்கிப் போனார். எனக்கும் அன்றோடு அங்கே வேலை இல்லை.

இப்போது வருகிற போர்டில் தகவல் போய்வரும் சீரியல் போர்ட்டே மூன்று இருக்கிறது. வேண்டிய பின்னுக்கு மாற்றிக்கொள்ளலாம். இப்போதுள்ள பசங்களுக்கு இந்தத் தொல்லையே தெரியாது.

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தி. எதிர் வரிசையில் அந்த ஓனர். இதே கதையை ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த ஆளு மூஞ்சியப் பாக்கணுமே..." பந்தியே சிரித்தது. பாயசம் வருவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

வெளியே வந்து வீரமணி அண்ணனுக்குப் போன் போட்டேன். பெட்டி என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அத அப்பவே கழட்டிப் போட்டாச்சு தம்பி. அதுக்கப்பறம் எத்தனையோ போன் மாத்திட்டேன். அந்தப் பழைய போன மட்டும் தூக்கிப் போடல. அந்த ஆளு என்னைக்காச்சும் வந்து ஒரு வார்த்த சொன்னா, அவரு முன்னாடியே அந்த மெசேஜ அழிச்சிடலாம்னு வச்சிருக்கேன்."