துரை எந்த ஊர் நாய்?

ஒரு நாய் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சிரிக்காதீர்கள். போன வாரம் எங்கள் நகராட்சி அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு சின்னக் கூட்டமே கூடி நின்று, ஒரு காலைப்பொழுது முழுக்க இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். மூன்றாவது வகையில் நானும் இருந்தேன்.

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில், மலைக்குக் கீழே இருக்கிறது. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். பெண்கள் தூக்குவாளியும் கையுமாக ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். நாள் முழுக்கக் காய் எடுத்துவிட்டு மாலையில் இறங்குவார்கள். பகலெல்லாம் கேரளா, இரவெல்லாம் தமிழ்நாடு!

எங்கள் தெருவிலிருந்து போவது செல்வத்தின் ஜீப். அதில் தினமும் ஒரு நாயும் போகும். பெயர் துரை.

பெயர்க்காரணம் கேட்காதீர்கள்... சரி, கேட்டுவிட்டீர்கள். தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறது. அங்கே ஒரு வேலையும் செய்வதில்லை. மத்தியானம் அடுத்தவர் சோற்றைச் சாப்பிடுகிறது. சாயங்காலம் ஜீப்பில் திரும்பி வந்து களைத்துப்போன மாதிரி படுத்துக்கொள்கிறது. வேறு என்ன பெயர் வைப்பதாம்? பெண்களும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். "துரை ஏறிட்டாகளா?" "ஏறிட்டாக, வண்டிய எடு!"

எனக்கும் நாய்க்கும் ஏழாம் பொருத்தம். தெருமுனையில் ஒரு நாய் நின்றால் நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிற ஆள். அதனால் துரையின் பெருமைகளை நான் சொல்வதைவிட மாயக்கா சொல்வதுதான் சரி.

மாயக்கா என் எதிர்வீடு. ஐம்பதைத் தாண்டியவர். ஜீப்பில் போகும் பெண்களுக்கெல்லாம் பெரிய தலை. போன பருவத்தில் தோட்டத்துக்குள் ஒரு காட்டுப்பன்றி அவரைப் பார்த்து ஓடி வந்திருக்கிறது. செடிகளுக்கு நடுவே திரும்பி ஓடவும் வழி இல்லை. துரைதான் குறுக்கே விழுந்து குரைத்து, பன்றியைத் திசை மாற்றி விட்டிருக்கிறது. அன்றிலிருந்து துரை முன்னால் போனால்தான் மாயக்கா காய் எடுக்கச் செடிக்குள் இறங்குவார்.

போன ஞாயிற்றுக்கிழமை நகராட்சியின் நாய் பிடிக்கும் வேன் எங்கள் தெருவுக்கு வந்தது. தண்ணீர் வராத ஞாயிறு, குப்பை வண்டி வராத ஞாயிறு... ஆனால் நாய் வேன் வந்துவிட்டது! அன்றைக்கு ஜீப்புக்கு லீவு. வலை வீசியதில் நாலைந்து நாய்கள் அகப்பட்டன. அவற்றில் துரையும் ஒன்று.

மறுநாள் மாயக்கா வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. காலையிலேயே என் வாசலில் வந்து நின்றார். பின்னால் செல்வம்.

"தாயி, நீதான் பத்திரிகையில எழுதுற ஆளு. கிளம்பு, முனிசிபாலிட்டிக்குப் போவோம்."

"நான் வந்து என்ன மாயக்கா பேசப்போறேன்?"

"நீ பேச வேணாம். சும்மா நில்லு. என்னத்தையாச்சும் எழுதிருவாகளோண்டு பயப்படுவாகல்ல?"

என் எழுத்துக்கு எங்கள் ஊரில் கிடைத்த முதல் பாராட்டு இது. எப்படி மறுப்பது?

வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். துரை இல்லாமல் அவருக்குச் செடிக்குள் கால் வைக்கவே நடுக்கமாக இருக்கிறதாம். தோட்டத்துக் கங்காணியோ நாளைக்கும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டான். "ஒரு நாய்க்காக வேலைய விடுறியாண்டு சிரிக்கிறாங்க தாயி. பன்னி அவங்களைப் பாத்தா வந்துச்சு?" என்றார்.

நகராட்சியின் சானிட்டரி இன்ஸ்பெக்டர் சின்னப் பையன். பணிவானவர். புதிதாக வந்தவர் என்பது அவர் இன்னும் எல்லா விதிகளையும் நம்புவதிலிருந்தே தெரிந்தது. எங்களை உட்காரவைத்து விளக்கினார். தெருநாயைப் பிடிக்க வேண்டும். கருத்தடை செய்ய வேண்டும். வெறிநோய்க்கு ஊசி போட வேண்டும். அடையாளத்துக்குக் காது நுனியில் ஒரு வெட்டு. பிறகு எந்த இடத்தில் பிடித்தார்களோ அதே இடத்தில் கொண்டுவந்து விட வேண்டும். வேறு எங்கும் விடக் கூடாது.

"அப்ப விட்டுருங்க சார்" என்றார் மாயக்கா. முடிந்தது விஷயம் என்று நான் கைப்பையை எடுத்தேன்.

"அதுல ஒரு சிக்கல் மேடம். டாக்டர் பார்த்துட்டாரு. இந்த நாய்க்கு ஏற்கெனவே காது வெட்டியிருக்கு. நாங்க உங்க ஏரியாவுக்கு வந்ததே இப்பதான். அப்ப இதை வெட்டுனது யாரு?"

'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தெரியாது என்று சொல்வதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் உண்டா? ஆனால் செல்வத்துக்கு வாய் நமநமத்துவிட்டது.

"கேரளாவுல பண்ணுனாக சார்! மேல உள்ள பஞ்சாயத்துல. என்னா சுத்தம்ங்கிறீங்க! நம்ம ஊரு மாதிரி இல்ல சார்."

மாயக்கா அவன் தொடையில் கிள்ளினார். அவன் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டான்.

"பண்ணிட்டு எங்க விட்டாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தோட்டத்துல சார். தமிழ்நாட்டு நாய்ண்டா பேச்சு வளரும்ல? அதான் தோட்டத்து நாய்ண்டு ஒரு பொய்யச் சொல்லி அங்கயே விட வச்சேன்!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இது கேரளா நாய்."

செல்வத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்ல சார், அது நான் சொன்ன பொய்யி சார்" என்றான். பொய் சொன்னேன் என்று ஒருவன் சத்தியம் செய்தால் எதை நம்புவது? இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. "ஏற்கெனவே மேலயிருந்து குப்பை லாரி இறங்குதுன்னு ஊர்ல ஒரே சண்டை. இப்ப அங்க உள்ள நாயையும் நானே இங்க விட்டேன்னு தெரிஞ்சா என்னை உயிரோட விடுவாங்களா? மத்தியானம் வேன்ல ஏத்தி மேலயே அனுப்பிடறேன்" என்றார்.

எனக்கு இது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தோட்டத்திலேயே இருக்கட்டுமே? பகலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே? அதை மாயக்காவிடம் சொல்லியும் தொலைத்தேன்.

"ராத்திரிக்கு?" என்றார் மாயக்கா. "நாங்கெல்லாம் இறங்குன பெறகு அங்கன எவன் வாசல்ல தாயி படுக்கும்? சிறுத்தை நடமாடுற இடம். காவலுக்குக் கட்டியிருந்த நாயையே போன மாசம் கவ்விட்டுப் போயிருச்சு. எனக்குக் குறுக்க விழுந்த சீவனை நானே கொண்டுபோய்ப் போடவா?"

குரல் உடைந்துவிட்டது. அதுவரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. நாயைக் கண்டால் ஒதுங்குகிற நானே, "சார், மேல ஒரு தடவை போன் போட்டுக் கேளுங்களேன்" என்று கெஞ்ச ஆரம்பித்தேன்.

போட்டார். ஸ்பீக்கரில் போட்டார். விவரத்தையெல்லாம் கேட்டுவிட்டுக் கேரளத்து அதிகாரி சாவகாசமாகச் சொன்னார்: "அது ஞங்ஙளுடே பட்டி அல்ல சாரே." எங்கள் நாய் இல்லையாம். இரவில் எங்கே படுத்து உறங்குகிறதோ அந்த ஊர் நாய்தான் என்பது அவர் கட்சி. எங்கே காது வெட்டினார்களோ அந்த ஊர் நாய் என்பது நம்மவர் கட்சி. கடைசியில் கேரளத்துக்காரர் ஒரு கேள்வி கேட்டார்: "ஆ ஜீப்பினு பெர்மிட் உண்டோ?"

செல்வம் வெலவெலத்துப்போனான். "பெர்மிட் இருக்கு சார்! வரியும் கட்டிருக்கேன். நாய்க்குத் தனியாக் கட்டணுமாண்டு கேட்டுச் சொல்லுங்க சார்!"

எனக்கு, உனக்கு என்று இரண்டு மாநிலமும் அடித்துக்கொள்கிற சமாச்சாரங்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. தண்ணீர் ஒன்று போதாதா? உனக்கு, உனக்கு என்று இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது துரை ஒன்றைத்தான்.

அப்போதுதான் பக்கத்து மேஜை கிளார்க் அந்த அற்புதமான யோசனையைச் சொன்னார். "சார், நாய்க்கு எந்த பாஷை தெரியும்னு பார்த்துட்டா?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'போய்யா' என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "பார்க்கலாமே" என்றார்!

எல்லோரும் பின்பக்கம் போனோம். கூண்டிலிருந்து துரையைக் கயிற்றோடு கொண்டுவந்தார்கள். பரீட்சை நேர்மையாக நடக்க வேண்டும் என்பதற்காக மாயக்காவையும் செல்வத்தையும் ஸ்டோர் ரூமுக்குள் நிற்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். "சாட்சியைக் கலைக்கிற மாதிரி ஆயிடும் மேடம்" என்று என்னிடம் விளக்கம் வேறு.

முதலில் தமிழ். அலுவலக வாட்ச்மேன் முன்னால் வந்து, "ஏலே, இங்கன வாடா" என்றார். துரை கொட்டாவி விட்டது.

அடுத்து மலையாளம். குமுளியில் சில காலம் ஹோட்டல் வைத்திருந்த ஒருவர் ஏதோ வரி கட்ட வந்திருந்தார். அவரைப் பிடித்து இழுத்தார்கள். "இவிடெ வாடா மோனே" என்று உருகினார். துரை அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. கூண்டில் கிடந்த கோபம் அதற்கு. எந்த மாநிலத்துக்கும் ஒத்துழைக்கிற மனநிலையில் இல்லை.

முற்றத்து ஓரத்தில் தரைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்த வடமாநிலத் தொழிலாளர்கள் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே விளையாட்டாக, "ஆஜா, ஆஜா" என்றார்.

துரை எழுந்தது. காதை நிமிர்த்தியது. பிடித்திருந்தவரின் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு ஓடி, அவர் முன்னால் உட்கார்ந்து, வலது முன்னங்காலைத் தூக்கிக் கையில் கொடுத்தது!

மொழி விஷயத்தில் நம் மாநிலம் எவ்வளவோ பார்த்திருக்கிறது. இதைப் பார்த்திருக்காது. ஸ்டோர் ரூமுக்குள்ளிருந்து செல்வம் கத்தினான்: "சார், தோட்டத்துல இப்பப் பாதி ஆளு இந்திக்காரக சார்! மத்தியானம் அவுகதான் சப்பாத்தி போடுவாக!"

இன்ஸ்பெக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "மேடம், இப்ப நான் இதை டெல்லிக்கா அனுப்ப முடியும்?" என்றார். பாவமாக இருந்தது.

துரை நிம்மதியாகச் சப்பாத்தி சாப்பிட்டது. பிறகு இன்ஸ்பெக்டர் நாய் பிடிக்கும் ஊழியரைக் கூப்பிட்டு, ஒப்புக்குக் கேட்கிற மாதிரி கேட்டார்: "இதை எங்கய்யா பிடிச்சீங்க? கரெக்டா எந்த இடம்?"

"ஜீப்புல சார். வண்டி தெருவுல நின்னுக்கிட்டு இருந்துச்சு. நாய் முன் சீட்டுல மல்லாக்கப் படுத்துக் கிடந்துச்சு."

இன்ஸ்பெக்டரின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியதை நான் பார்த்தேன். எந்த ஊர் என்று விதியில் எங்கே இருக்கிறது? எந்த மாநிலம் என்று எங்கே கேட்டிருக்கிறது? பிடித்த இடத்தில் விட வேண்டும்... அவ்வளவுதானே! பிடித்த இடம் ஜீப். விட வேண்டிய இடமும் ஜீப். அந்த ஜீப் எந்த மலை ஏறினால் நகராட்சிக்கு என்ன?

ஸ்டோர் ரூம் திறக்கப்பட்டது. மாயக்கா சந்தேகமாகக் கேட்டார்: "அப்ப ராத்திரிக்கு?"

"ராத்திரி ஜீப் எங்கம்மா நிக்கும்?"

"எங்க வீட்டு வாசல்ல."

"அப்ப அங்கதான்."

மாயக்கா அந்தப் பையனைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க ஆத்தா புண்ணியம் உங்களுக்குக் கிடைக்கட்டும் சாமி" என்றார்.

ஜீப்பை வரவழைத்தார்கள். விதிப்படி துரையைத் தூக்கி முன் சீட்டில் வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். "மேடம், கொஞ்சம் தள்ளுங்க, சீட் தெரியலை" என்று என்னை ஓரங்கட்டினார்கள். கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் செல்வத்திடம் கண்டிப்பாகச் சொன்னார்: "இனிமே இதை இடம் மாத்தக் கூடாது. சட்டம்."

அவர் பொதுவாகச் சொன்னார். செல்வம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிகாலை ஜீப் உறுமும் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். நாயைப் பார்க்க நான் வாசலுக்கு வந்ததை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். மாயக்கா வழக்கம்போல இன்னொரு பெண்ணோடு முன் சீட்டில் ஏறப் போனார். செல்வம் தடுத்தான்.

"யக்கா, பின்னால ஏறு. அது துரை எடம். மாத்தக் கூடாதுண்டு ஆபீசர் சொல்லிருக்காக. போட்டோவும் இருக்கு!"

மாயக்கா அவனை முறைத்தார். துரையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பின்னால் போய் ஏறினார். அங்கே ஏற்கெனவே பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்து கிடந்தார்கள். கடைசியாக ஏறியவளுக்கு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. இப்படித்தான் அந்த மலைவளைவுகளை எல்லாம் தினமும் ஏறி இறங்குகிறார்கள். முன்னால் துரை தனி சீட்டில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

வண்டி நகர்ந்தது. நெரிசலுக்குள்ளிருந்து மாயக்காவின் தலை மட்டும் வெளியே நீண்டது.

"தாயி! அந்த நாய் வேனை ஒருக்கா எங்களையும் பிடிச்சுட்டுப் போகச் சொல்லி எழுது. ஆளுக்கொரு சீட்டாச்சும் கிடைக்கும்!"

எழுதிவிட்டேன், மாயக்கா.