யன்னலால் ஒரு குடிபூரல்

போன மாதம் நான் ஒரு வீட்டுக்குள் யன்னலால் ஏறிக் குதித்தேன். பட்டப்பகலில். பின்னால் ஒரு பாஸ்டர் நின்று தள்ளிவிட்டார்.

சிரிக்காதீர்கள். சரி, சிரித்து முடித்துவிட்டு வாசியுங்கள்.

ரொறன்ரோவில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாஸ்டர். வெள்ளைக்காரர், தங்கமான மனிதர். அவருடைய சேர்ச் ஆட்கள் கோடை விடுமுறைக்கு ஏதாவது ஒரு நாட்டுக்குப் போய், வீடில்லாத குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு வருவார்கள். இந்த முறை யாழ்ப்பாணம். "மொழிபெயர்க்க நீ வா" என்றார். நான் இணுவில்காரி, அசல் சைவம். சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடிப்பவள். ஆனாலும் ஊருக்குப் போகிற ஆசை யாரை விட்டது?

போய் இறங்கிய அன்றைக்கே மருதனார்மடம் சந்தையில் சொந்தக்காரி ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, சேர்ச்சிலை சேந்து வேதத்துக்கு மாறீட்டியாம்?"

"இல்லையடி, சீமெந்து குழைக்க வந்தனான்."

"ஓமோம்... முதல்லை சீமெந்து எண்டுதான் சொல்லுவினம்."

வீடு கட்டியது காங்கேசன்துறைப் பக்கம், யோகக்காவுக்கு. கணவர் இல்லை. எழுபதை நெருங்குகிறார், இரண்டு முழங்காலும் சரியில்லை. சண்டைக் காலத்தில் வெளிக்கிட்டு, முகாம் முகாமாக அலைந்து, கடைசியில்தான் சொந்தக் காணி திரும்பக் கிடைத்தது. பழைய வீடு இருந்த இடத்தில் ஒரு கல் மிச்சமில்லை. அங்கேயே தகரக் கொட்டில் போட்டு இருந்தார்.

அத்திவாரத்தை மேசன் முதலே போட்டு வைத்திருந்தார். சுவர் மளமளவென்று எழும்பியது. வாசல் நிலை வைக்கிற கட்டம் வந்தபோதுதான் யோகக்கா வாயைத் திறந்தார்.

"ஆடி முடியட்டும் பிள்ளை. ஆவணியிலை சாத்திரியார் நாள் வைச்சுத் தந்திருக்கிறார்."

ஐயோ, ஆடி! கனடாவில் பள்ளிக்கூட விடுமுறை. யாழ்ப்பாணத்தில் நல்ல காரியம் ஒன்றும் தொடங்காத மாதம். வருடத்தில் இத்தனை மாதம் இருக்க, இதைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறோம்! சாத்திரியார் சொன்ன நாளுக்கு முன்னமே எங்களுக்கு பிளேன்.

பாஸ்டர் யோசித்தார். "பரவாயில்லை. வாசலை வெறும் இடைவெளியாக விடுவோம். நாங்கள் போன பிறகு மேசன் நிலையை வைக்கட்டும்."

பிரச்சினை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் — வாசலுக்குக் குறுக்கே ஒரு கட்டு முள்ளு!

"நிலை வைக்க முன்னம் உந்த வாசலாலை ஒருத்தரும் போகக் கூடாது" என்றார் யோகக்கா.

இப்படி ஒரு சாத்திரத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தச் சாத்திரியாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அக்காவே போட்ட சட்டம். ஆனால் வீட்டுக்காரி சொன்னால் சொன்னதுதானே?

அன்றிலிருந்து எல்லாம் கம்பி போடாத யன்னலால்தான். சீமெந்து யன்னலால். ஏணி யன்னலால். தேத்தண்ணி யன்னலால். எங்கள் குழுவில் பிரையன் என்று ஒரு பெடியன், ஆள் மலை மாதிரி. காலையில் எப்படியோ உள்ளே போய்விட்டான். மத்தியானம் உள்ளேயே இருந்து யோகக்காவின் சோற்றையும் கத்தரிக்காய்க் குழம்பையும் ஒரு பிடி பிடித்தான். வெளியே வரும்போது இடுப்போடு மாட்டிக்கொண்டான். பாதி ஊர் வேலிக்கு மேலால் பார்த்தது. இழுத்தெடுக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே...

கடைசி நாள், கையளிப்பு. ரிப்பனை எங்கே கட்டுவது? யன்னலில்தான்! பாஸ்டர் பைபிளை முதலில் உள்ளே வைத்துவிட்டு, பிறகு தான் ஏறினார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உள்ளே. யோகக்கா மட்டும் வெளியே.

"வாங்கோ அக்கா, பிடிச்சுத் தூக்கி விடுறம்" என்றேன்.

"என்ரை வீட்டுக்குள்ளை நான் கள்ளன் மாதிரி யன்னலாலை வாறதோ? மாட்டன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடல் கடந்து வந்து கை கொப்பளிக்க வேலை செய்த சனம் காத்துக்கொண்டு நிற்கிறது, இந்த மனுசிக்கு அப்படி என்ன பிடிவாதம்? யன்னலால் தலையை நீட்டிக் கேட்டே விட்டேன்.

"பழைய வீட்டுக்கு நிலை வைச்சது ஆடியிலைதான் பிள்ளை. மழைக்கு முன்னம் முடிக்க வேணும் எண்டு அவர் அவசரப்பட்டவர். ஒரு வருசம்கூட இருக்கேல்லை. செல்லடி, குண்டுக்கு ஓடினதுதான்."

"நாள் பாத்துக் கட்டின ஆக்களும்தானே ஓடினவை அக்கா? ஊரே ஓடினதல்லோ?"

"ஓம். ஆனா அவையள் ஒருத்தரும் தங்கடை பிழை எண்டு நினைக்கேல்லை. என்ரை மனுசன் நினைச்சவர். சாகுமட்டும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினால் அழுகைதான் வந்தது. ஒருமாதிரிச் சொல்லி முடித்தேன். பாஸ்டர் பைபிளை எடுத்துக்கொண்டு யன்னலால் இறங்கிப் போய் யோகக்காவுக்குப் பக்கத்தில் நின்றார். ஜெபம் முற்றத்தில் நடந்தது. பிரையனை மட்டும் இறக்க நேரமில்லாமல் உள்ளேயே விட்டுவிட்டோம். சேர்ச் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்க்க வேண்டுமே — வீடு கட்டிக் கொடுத்தவன் உள்ளே, வீட்டுக்காரி வெளியே!

அவர்கள் பிளேன் ஏறினார்கள். நான் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு நின்றுவிட்டேன். அதற்கு என் வீட்டுக்காரர் போனில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆவணியில் அந்த நல்ல நாள் வந்தது. மேசன் நிலைக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, சரியான நேரத்துக்குத் தூக்கி நிறுத்தினார். பாஸ்டர் வீடியோ கோலில் பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளு எங்கே போனதோ தெரியாது. யோகக்கா கணவரின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"இஞ்சாருங்கோ, கேக்குதோ? இனி ஓட வேண்டி வந்தாலும் எங்கடை பிழையில்லை. முழுக்க அரசாங்கத்தின்ரை பிழை!"

மொழிபெயர்த்தேன். ரொறன்ரோவிலிருந்து "ஆமென்" கேட்டது.