திருத்தம் எழுத ஆளில்லை

என் கணவர் இறந்த செய்தியில், அவர் இருபத்திரண்டு வருடம் நிருபராக இருந்த பத்திரிகையே அவர் வயதை மூன்று குறைத்துப் போட்டிருந்தது. "திருத்தம் போடச் சொல்லட்டுமாம்மா?" என்றாள் மகள். வேண்டாம் என்றேன். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே திருத்தம்தான்.

காரணம் இருந்தது. உயிரோடிருந்த கவுன்சிலரை 'மறைந்த கவுன்சிலர்' என்று எழுதியவர் அவர். சங்கத் தலைவரின் உண்ணாவிரதம் அவர் கையில் 'உண்ணும் விரத'மாகி அச்சேறியது. மறுநாள் வருத்தம் தெரிவிக்கும் நாலு வரியையும் அவரே எழுதுவார். அதில் மட்டும் ஒரு பிழை இருக்காது. மற்றவர்கள் செய்த தப்புக்கும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

நிருபர்கள் வேலைநிறுத்தம் செய்த மாதம் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பகல் முழுக்கப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வலைப்பூவில் ஊர்ச் செய்தி எழுதினார்.

"சம்பளம் குடுத்தப்ப இவ்வளவு எழுதலையேங்க?"

"அது வேலை. இது ஆசை."

பத்தாம் நாள் சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். நிர்வாகம் எப்படியோ நாலு பக்கம் அச்சடித்துக்கொண்டிருந்தது. நாலிலும் இவர் எழுத்து.

"யோவ் திருத்தம், வெளிய கோஷம், உள்ள கருங்காலி வேலையா?"

"நான் அனுப்பல தலைவரே! மேனேஜர் வலைப்பூவுலேர்ந்து அள்ளிட்டுப் போறாரு."

"நாளைக்குள்ள நிரூபி. இல்லன்னா சங்கத்துலேர்ந்து உன் பேரை அடிச்சிடுவேன்."

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தும் கருங்காலி என்ற சொல்லையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தபடியே இருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"அந்த மேனேஜரு எதையும் படிச்சுப் பாக்கவே மாட்டாரு. நம்ம தலைப்பை வெட்டிட்டு முதல் வரியைத் தலைப்பா வைப்பாரு."

அன்றைய வலைப்பூவுக்கு 'நேற்று நான் கண்ட கனவு' என்று தலைப்பு வைத்தார். முதல் வரி: நிருபர்களின் ஐந்து கோரிக்கைகளையும் நிர்வாகம் ஏற்றது. பிறகு விவரம்: வார விடுமுறை, மருத்துவச் செலவு, சுற்றுகிற மின்விசிறி...

காலையில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: நிருபர்களின் ஐந்து கோரிக்கைகளையும் நிர்வாகம் ஏற்றது. கனவைக் காணோம்.

பந்தலில் தலைவர் இவரைத் தூக்கிச் சுற்றினாராம். சுற்றிக்கொண்டிருக்கும்போதே மேனேஜரின் போன் வந்தது.

"ஏம்பா, அவசரமா ஒரு திருத்தம் எழுதித் தரணுமே. இங்க யாருக்கும் எழுத வரல."

"சார், நான் ஸ்ட்ரைக்ல இருக்கேன்."

திருத்தம் வரவே இல்லை. போட்டால் திருடியதையும் சேர்த்துப் போட வேண்டுமே. ஊரே படித்துவிட்டதை மறுக்க முடியாமல், ஒரே வாரத்தில் நாலு கோரிக்கைகளை நிறைவேற்றினார்கள். மின்விசிறி மட்டும் கடைசிவரை சுற்றவில்லை.

அந்த மூன்று வயதும் அப்படியே இருக்கட்டும். அதைப் பிழையில்லாமல் திருத்தத் தெரிந்த ஆள் இப்போது அங்கே இல்லை.